ஆச்சியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதப் போகிறவருக்கு

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்கள் ஆச்சி போன மாதம் இறந்திருக்கிறார். நாசரேத், மெஞ்ஞானபுரம் வட்டாரத்தில் தேரிக்காட்டை, அதாவது செம்மணல் மேட்டை, ஒட்டிய ஒரு கிராமம், தலைமுறைகளாக சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். அடக்க ஆராதனையில் வாசித்த வாழ்க்கைக் குறிப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆதாரில் இருந்த 1.1.1938 என்ற தேதியைப் பிறந்த நாளாகப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. முதலாண்டு நினைவு ஆராதனைக்குள் ஒரு சிறு புத்தகம் போட வேண்டும், சரியான பிறந்த தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: வாசித்த குறிப்பில் தாத்தா இருந்தார், பிள்ளைகளின் வேலையும் ஊரும் இருந்தன, ஆச்சியைக் காணோம். நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த வரிக்காகத்தான். தேதிக்கு வழி சொல்கிறேன். அதைத் தேடிப் போகும்போதே ஆச்சியையும் எப்படித் தேடுவது என்று சேர்த்துச் சொல்கிறேன்.

நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். பதினெட்டு வருடமாகத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளின் பழைய பதிவேடுகளைப் படியெடுத்துக் கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சில குடும்பங்களுக்குத் தங்கள் வரலாற்றை எழுதவும் உதவியிருக்கிறேன். ஆகவே பதிவேடுகளைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஒரு குடும்பம் தன் மூத்தவரைப் பற்றி எதை எழுதலாம், எதை விடலாம் என்று பின்னால் சொல்லப்போவது என் கருத்து மட்டும்தான். அதில் உங்கள் வீட்டாரின் மனசு எனக்குத் தெரியாது.

முதலில் அந்த 1.1.1938. வயது மட்டும் தெரிந்து தேதி தெரியாதவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று விழுந்துவிடுவது வழக்கம். அதனால் அந்தத் தேதிக்கு மதிப்பே கிடையாது. வருடமும் யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வயதிலிருந்து கழித்து வந்ததுதான். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் இதே ரகம். பள்ளிச் சான்று இருந்தாலும் கவனமாக இருங்கள். ஜூனில் சேர்ப்பதற்கு ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் வாத்தியாரே மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல்தான் வந்தது. அதற்கு முன்னும் கிராமத்தில் பதிவு உண்டு என்றாலும், வீட்டில் பிறந்த ஒரு பெண் குழந்தையை யாராவது போய்ப் பதிந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்து அலைய வேண்டாம்.

உங்களுக்கு இருக்கும் பெரிய வாய்ப்பு சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. நம் சபைகளில் குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்பதால், பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ பதிவு நடந்திருக்கும். ஞானஸ்நானம் கொடுத்த தேதி, பிறந்ததாகச் சொல்லப்பட்ட தேதி, பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், தகப்பனின் தொழில், கொடுத்த குருவானவர் பெயர் என்று ஒரே வரியில் வந்துவிடும். அந்தக் காலத்து ஏழைப் பெண்ணுக்கு இதைவிட நல்ல ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் எந்த ஊர்ப் பதிவேடு? இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். நேராக ஆச்சி வாழ்ந்த ஊருக்குப் போகிறார்கள். அது தாத்தாவின் ஊர். ஆச்சி அங்கே கல்யாணம் ஆகி வந்தவர். சரி என்று ஆச்சியின் தகப்பனார் ஊருக்குப் போனால் அங்கேயும் இல்லாமல் போகலாம். காரணம், தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும். ஆச்சி மூத்த பிள்ளையாக இருந்தால் அவர் பிறந்தது அவருடைய அம்மாவின் ஊரில், ஞானஸ்நானமும் அங்கேயே நடந்திருக்கலாம். இப்படி ஒரு பெண்ணின் வாழ்க்கை மூன்று ஊர்ப் பதிவேடுகளில் சிதறிக் கிடக்கும். ஆணின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரே ஊரில் ஒரே புத்தகத்தில் இருக்கும். குடும்ப வரலாறுகளில் தாத்தாக்கள் மட்டும் தெளிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், பதிவேடு கிராமத்துக் கோயிலில் இருக்காது, பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் தலைமைக் கோயிலில் இருக்கும். சேகரங்கள் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. இன்றைக்கு உங்கள் ஊர் எந்தச் சேகரம் என்பது முக்கியமில்லை. 1930-களில் எந்தச் சேகரத்தோடு இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986-ல். தூத்துக்குடி - நாசரேத் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் உள்ள பகுதி) தனியானது 2003-ல். ஆகவே பழைய தாள்கள் எல்லாவற்றிலும் திருநெல்வேலி ஜில்லா, திருநெல்வேலித் திருமண்டலம் என்றுதான் இருக்கும். பார்த்துவிட்டு வேறு ஊரோ என்று மலைக்காதீர்கள். சேகர குருவானவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, அவர் சொல்லும் நேரத்தில் போங்கள். தாள் பொடிந்துபோய் இருக்கும். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. உங்கள் வரியை மட்டும் படம் எடுங்கள். பக்கத்து வரிகளில் இருப்பது வேறு வீட்டாருடைய விஷயம்.

வரி கிடைத்ததும் உடனே சந்தோஷப்படாதீர்கள். நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஒரு குடும்பத்துக்காகப் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர் எல்லாம் பொருந்திய ஒரு வரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவர்களும் அந்தத் தேதியைக் கல்லறைக் கல்லில் வெட்டிவிட்டார்கள். வேறு வேலையாக அடக்கப் பதிவேட்டைப் புரட்டும்போதுதான் தெரிந்தது, அந்த வரியில் இருந்த குழந்தை பதினோரு மாதத்தில் இறந்துபோயிருக்கிறது. மூன்று வருடம் கழித்துப் பிறந்த தங்கைக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். கல்லைத் திருத்தச் சொல்லி அந்த வீட்டுக்குப் போனது எனக்கு இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பதும், பெரியப்பா சித்தப்பா பெண்கள் இருவருக்கும் ஒரே அப்பாச்சியின் பெயரை வைப்பதும் அந்த நாளில் சாதாரணம். அதனால் ஞானஸ்நான வரி கிடைத்தால், அடுத்த ஐந்து வருடத்து அடக்கப் பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள். கூப்பிடும் பெயர் வேறு, ஞானஸ்நானப் பெயர் வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும். ஊரே தங்கம் என்று கூப்பிட்டவர் பதிவேட்டில் சாராளாக இருப்பார்.

திருமணப் பதிவேடு 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி எழுதப்படுவது. கல்யாணத் தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். வயதை அப்படி நம்ப முடியாது. 1949-ல் பெண்ணின் திருமண வயதை 15 என்று உயர்த்தினார்கள், 18 ஆனது 1978-ல். சட்டம் கேட்கும் வயதுக்குத் தகுந்தபடி வீட்டார் ஒன்றிரண்டு கூட்டிச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் வேறு இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, மணமக்கள் கையெழுத்துப் போடும் இடம். ஆச்சி எழுதியிருக்கிறாரா, கைநாட்டா? எழுதியிருந்தால் அவருடைய கையால் வந்த எழுத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் மிகப் பழையது அநேகமாக அதுதான். புத்தகத்தில் அதைப் பெரிதாகப் போடுங்கள். இன்னொன்று, அந்தப் படிவத்தில் தகப்பன் பெயருக்கு மட்டும்தான் இடம் உண்டு. தாய் பெயருக்குக் கட்டமே கிடையாது. ஆச்சியின் அம்மா பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். உங்கள் வீட்டில் இப்போதே கேட்டுப் பாருங்கள், ஆச்சியின் அம்மா பெயர் எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று. புத்தகத்தின் முதல் வரியில் 'இன்னாருடைய மகள்' என்று எழுதும்போது அந்தத் தாயின் பெயரையும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிவேடு கிடைக்காமலும் போகலாம். செல்லரித்திருக்கலாம், ஒரு வருடத்துப் பக்கம் மட்டும் இல்லாமல் இருக்கலாம். பனையேறிக் குடும்பமாக இருந்தால் பருவத்துக்கு வேறு பனங்காட்டுக்குக் குடும்பத்தோடு போய் அங்கேயே பிள்ளை பிறந்திருக்கலாம். அப்போது சம்பவங்களை வைத்து நெருங்குவதுதான் வழி. 1942 செப்டம்பரில் குலசேகரன்பட்டினத்தில் உப்புத் துறையின் வெள்ளைக்கார அதிகாரி லோன் துரை கொல்லப்பட்டதும், அதற்குப் பிறகு சுற்று வட்டாரத்தில் போலீஸ் நடமாட்டமும் அந்தப் பக்கத்து முதியவர்கள் மறக்காத விஷயம். அப்போது ஆச்சி நடக்கிற பிள்ளையா, தொட்டிலில் கிடந்தாரா என்று அவருக்கு மூத்தவர் யாராவது இருந்தால் கேளுங்கள். 1948 ஜனவரியில் காந்தி இறந்தபோது ஆச்சி சடங்கானவரா, அதற்கு முன்பா? 1957-ல் புதுக்காசு (நயா பைசா) வந்தபோது கையில் பிள்ளை இருந்ததா? இப்படி மூன்று நான்கு கிடைத்தால் இரண்டு வருட இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம். அதற்குமேல் நெருக்க வேண்டாம். '1935-க்கும் 1937-க்கும் இடையில் பிறந்தார்' என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை.

இன்னொரு இடம் யாரும் தேடுவதில்லை: சார்பதிவாளர் அலுவலகம். கிறிஸ்தவர்களுக்கான 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. ஆனாலும் எங்கள் பக்கத்தில் மகளுக்கு நகையும் சீரும் கொடுத்தாயிற்று என்று சொல்லி, தகப்பன் காலத்துக்குப் பிறகு சகோதரர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வது நிறைய நடந்திருக்கிறது. ஆச்சியின் பிறந்த வீட்டு நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அப்படி ஒரு பத்திரம் இருந்தால் அதில் அவர் பெயர், வயது, கணவர் பெயர், அன்றைய முகவரி, எவ்வளவு பணம் பெற்றுக்கொண்டார் அல்லது பெறாமலே விட்டுக்கொடுத்தார் என்பது வரை இருக்கும். ஒரு பெண் தன் பங்கை விட்டுக்கொடுத்த நாள் அவர் வாழ்க்கையில் சாதாரண நாளாக இருந்திருக்க முடியாது. மனசார விட்டாரா, வேறு வழியில்லாமல் விட்டாரா என்று பத்திரம் சொல்லாது. அதை அவர் மகள்களிடம் கேளுங்கள். மகன்களிடம் கேட்டால் வேறு பதில் வரும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குடும்பம் எப்போது வேதத்துக்கு வந்தது, அதாவது கிறிஸ்தவம் ஆனது, என்று ஒரு பக்கம் எழுத நினைப்பீர்கள். எல்லா வீட்டிலும் இதற்கு ஒரு கதை உண்டு, பெரும்பாலும் ரேனியஸ் ஐயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ரேனியஸ் திருநெல்வேலியில் இருந்தது 1820 முதல் 1838 வரை. அவர் சர்ச் மிஷனரி சங்கம் அனுப்பிய ஜெர்மானிய மிஷனரி. நாசரேத், முதலூர்ப் பக்கத்துச் சபைகள் அவருக்கு முந்தியவை. உள்ளூர் உபதேசியாரான தாவீது சுந்தரானந்தம் காலத்தில் முதலூர் உருவானது 1799-ல். பின்னாளில் அந்தப் பக்கம் எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷனின் கையில் இருந்தது. இன்னொரு பெரிய அலை 1876-78 பஞ்சத்தின்போது வந்தது. அந்த மிஷனின் ஊழியர்களான கால்டுவெல் இடையன்குடியிலும் மர்காஷியஸ் நாசரேத்திலும் இருந்த சமயம் அது. கஞ்சிக்கும் மருந்துக்கும் வந்து சபையில் சேர்ந்தவர்கள் ஏராளம். உங்கள் குடும்பம் இந்த மூன்றில் எந்தக் காலம் என்பதை, பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றவர்களின் வரிகளை வைத்துத்தான் சொல்ல முடியும். கிடைக்காவிட்டால் 'எங்கள் வீட்டில் இப்படிச் சொல்வார்கள்' என்றே எழுதுங்கள். பஞ்சத்தில் வந்தார்கள் என்று தெரிந்தால் மறைக்க வேண்டாம். பசியில் வந்து, பசி தீர்ந்த பிறகும் நான்கு தலைமுறையாக நின்றிருக்கிறார்கள் என்றால் அது வெட்கப்பட வேண்டிய விஷயமா?

தாள்கள் இவ்வளவுதான் தரும். மீதி மனிதர்களிடம் இருக்கிறது. அவர்களும் வயதானவர்கள் என்பதால் இந்த வேலையைப் பதிவேட்டுக்கு முன்னால் செய்யுங்கள். ஆச்சியின் பிள்ளைகளைவிட அவருடைய மதினிமார், கொழுந்தன் பெண்சாதி, பக்கத்து வீட்டுக்காரர், கூடக் காட்டுக்குப் போனவர்கள் முக்கியம். பிள்ளைகளுக்குத் தெரிந்தது அம்மாவைத்தான். முப்பது வயதில் சிரித்துக்கொண்டு தண்ணீருக்குப் போன பெண்ணை மதினிக்குத்தான் தெரியும்.

'ஆச்சி எப்படிப்பட்டவங்க?' என்று கேட்காதீர்கள். 'ரொம்ப நல்லவங்க, ஜெபிக்கிறவங்க' என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். வேலையைக் கேளுங்கள். அந்த ஊர்ப் பெண்ணாக இருந்தால் பதநீர் காய்ச்சும் ஓலைக்குடிசையான விடிலியிலிருந்து தொடங்கலாம். பனையேறுவது ஆணின் தொழில் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மரத்திலிருந்து இறங்கிய பிறகு பதநீர் முழுக்கப் பெண்ணின் பொறுப்பு. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வந்த பதநீர் புளிப்பதற்குள் வடிகட்டி அடுப்பேற்ற வேண்டும். உடைமரக் காட்டில் சுள்ளி பொறுக்கி, பனையோலையும் மட்டையும் சேர்த்துவைத்து, மணிக்கணக்கில் தீ குறையாமலும் கூடாமலும் நின்று காய்ச்ச வேண்டும். பாகு பதம் வந்ததா என்று தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்க வேண்டும். ஒரு கொதி முன்னே பின்னே போனால் அன்றைய உழைப்பு போச்சு. இதைப் பருவம் முழுக்க, கைப்பிள்ளையை விடிலிக்குள் தொட்டில் கட்டிப் போட்டுக்கொண்டு செய்திருப்பார். வெளியே தேரி மணல் காலைச் சுடும், உள்ளே அடுப்பு. கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார்களா, கணக்கு யார் வைத்தது, பதம் பார்க்க ஆச்சிக்கு யார் கற்றுக்கொடுத்தது, கையில் சுட்ட தழும்பு இருந்ததா என்று கேளுங்கள். பதில் சொல்கிறவர் தன் கையை நீட்டித் தன் தழும்பைக் காட்டுவார். அதற்கப்புறம் நீங்கள் கேள்வி கேட்கவே வேண்டியிருக்காது.

பனை வீட்டுக்காரர் இல்லையென்றால் வேறு வேலை இருந்திருக்கும்: ஓலைப்பெட்டி, நார்ப்பெட்டி முடைவது, வயலில் களை எடுப்பது. இடையன்குடிப் பக்கமானால் லேஸ் பின்னுவதைக் கேளுங்கள். கால்டுவெல்லின் மனைவி எலிசா தொடங்கிவைத்த கைத்தொழில் அது. தாத்தா மெட்ராஸிலோ பம்பாயிலோ கடையில் இருந்தாரென்றால் மணியார்டர் வந்த கதை இருக்கும், வராத மாதங்களின் கதையும் இருக்கும். வராத மாதத்தில் வீட்டை எப்படி ஓட்டினார் என்று கேளுங்கள்.

இனி விசுவாசம். இதை எழுதுவதுதான் கஷ்டம். 'சிறந்த ஜெப வீராங்கனை' என்ற வரியை நான் நூறு நினைவு மலர்களில் பார்த்துவிட்டேன். அந்த வரியில் யாருடைய ஆச்சியை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். உங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்ததை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தார், எந்த இடத்தில் முழங்காலிட்டார், யார் யார் பெயரை என்ன வரிசையில் சொல்லி ஜெபித்தார், ஆலயத்தில் எந்தத் தூணோரம் உட்கார்வார், சங்கக் காணிக்கை கொடுக்க முடியாத வருடத்தில் என்ன செய்தார். பிடி அரிசியைக் கட்டாயம் எழுதுங்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொடுப்பதை நம் பெண்கள் தலைமுறைகளாகச் செய்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் முதன்மையானவர். 1912-ல் அவர் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனதும், அந்தச் சங்கத்தின் ஊழியர்கள் தோர்ணக்கல் வரை போனதும் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கின்றன. அந்தச் சங்கத்தின் வேலை வெளிநாட்டுப் பணத்தால் நடந்தது இல்லை. நம் ஊர்ச் சபைகளின் காணிக்கை அது, உலைக்கு முன்னால் நின்ற பெண்கள் எடுத்துவைத்ததும் அதில் உண்டு. உங்கள் ஆச்சி அரிசி இல்லாத நாளிலும் அந்தப் பானையில் கை வைத்தாரா, இல்லை அதிலிருந்தே எடுத்துப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டாரா? இரண்டுமே எனக்கு விசுவாசமாகத்தான் தெரிகிறது.

அவருடைய வேதாகமம் யாரிடம் இருக்கிறது? உடனே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் துடைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். உள்ளே செருகியிருக்கும் மணியார்டர் துண்டு, மருந்துச் சீட்டு, பேரப்பிள்ளையின் மார்க் ஷீட் எல்லாம் எந்தப் பக்கத்தில் இருந்தன என்பதோடு படம் எடுங்கள். கோடு போட்ட வசனங்களையும், ஓரத்தில் தேதி எழுதியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் காதால் கேட்டே எத்தனை சங்கீதம், எத்தனை கீர்த்தனை மனப்பாடம் என்று விசாரியுங்கள். ஒரு வரியைத் தவறாகவே பாடியிருந்தால் அந்தத் தவறோடு எழுதுங்கள்.

அவர் சொன்ன சாட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்டர் கைவிட்ட பிள்ளை ஜெபத்தில் பிழைத்தது என்று ஒரு சம்பவம் கண்டிப்பாக இருக்கும். 'பிள்ளை பிழைத்தது' என்று நீங்களாகத் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம், நடந்திருக்காது என்று ஒதுக்கவும் வேண்டாம். 'ஆச்சி இப்படிச் சொல்வார்' என்று அவர் பேச்சிலேயே எழுதுங்கள். அவர் அப்படிச் சொன்னார் என்பது உறுதி, அது போதும். அதேபோல் சி.எஸ்.ஐ.க்காரராக இருந்துகொண்டே கத்தோலிக்கரின் உவரி அந்தோணியார் கோயிலுக்கோ மணப்பாட்டுச் சிலுவைக் கோயிலுக்கோ நேர்ந்துகொண்டு போயிருப்பார். வேதத்துக்கு வராத பங்காளி வீட்டுக் கோயில் கொடை விழாவுக்குப் பாத்திரம் கொடுத்து உதவியிருப்பார். சபையில் யாராவது என்ன நினைப்பார்களோ என்று இவற்றை வெட்டிவிடாதீர்கள். தனியாக இருந்து அவர் என்ன ஜெபித்தார் என்பது மட்டும் நமக்குக் கிடைக்கவே கிடைக்காது. அந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பாமல் விட்டுவிடுங்கள்.

வலியான விஷயங்கள் வரும்: இறந்த குழந்தைகள், குடித்த கணவர், சொத்துத் தகராறு, மருமகளை நடத்திய விதம், வேறு சாதிக்காரரைத் திண்ணையோடு நிறுத்திய விதம். நான் பின்பற்றும் அளவு ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்குச் சரிப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சியே நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்னதை எழுதலாம். ஒருவரிடம் மட்டும் அழுது சொன்னதை, கேட்டவர் சம்மதித்தாலும், அச்சில் போட மாட்டேன்; வீட்டுக்கென்று தனியாக எழுதிவைப்பேன். ஆச்சி மற்றவரைக் காயப்படுத்தியது தெரிந்தால் முழுக்க மறைக்க மாட்டேன், ஒரு வரியாவது இருக்கும். இறந்த குழந்தைகளின் பெயர்களை அடக்கப் பதிவேட்டிலிருந்து எடுத்து, பிள்ளைகள் பட்டியலில் பிறந்த வரிசைப்படியே சேர்த்துவிடுவேன். 'ஏழு பிள்ளைகள், இருப்பது நான்கு' என்றுதான் அந்தத் தாய் எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

அட்டையில் குணசாலியான ஸ்திரீ வசனத்தைப் போடப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். நல்லது, போடுங்கள். ஆனால் நீதிமொழிகள் 31-ஐ முழுக்க ஒருமுறை வாசித்துவிட்டுப் போடுங்கள். அந்த அதிகாரம் குணசாலி என்று சொல்லிவிட்டு நிற்கவில்லை. அவள் ஆட்டுமயிரும் சணலும் தேடுகிறாள், இருட்டோடே எழுந்து வீட்டாருக்கு ஆகாரம் கொடுக்கிறாள், ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள், இரவில் அவள் விளக்கு அணையாமல் இருக்கிறது. வேலை வேலையாகப் போகிறது அந்தப் பகுதி. உங்கள் ஆச்சிக்கும் அப்படி ஒரு பக்கம் எழுத முடியும், விடிலியும் சிரட்டையும் அரிசிப் பானையுமாக.

ஒரு அவசரமும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்து சுற்று வட்டாரமே மூழ்கியபோது, எனக்குத் தெரிந்த வீடுகளில் மட்டும் எத்தனை கல்யாண ஆல்பங்கள், பத்திரங்கள், வேதாகமங்கள் கூழாகிப் போயின. ஆகவே புத்தகத்துக்குப் பதினோரு மாதம் இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்துவிடாமல், இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆச்சியின் மதினியோ கூடக் காட்டுக்குப் போனவரோ யார் உயிரோடு இருக்கிறாரோ அவர் வீட்டுக்குப் போங்கள். போனில் பேச்சைப் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். பதிவேட்டு வரி கிடைத்து எழுத்துப் புரியவில்லையென்றால் அந்த வரியின் படத்தை எனக்கு அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.